மூடச் சொன்னவர்

யுத்த காலத்தில் ஆவடிப் பக்கம் மலேரியா காய்ச்சல் அதிகமானபோது, சர்க்கார் ஒரு கொசு ஆராய்ச்சி அதிகாரியை அனுப்பியது. ஒல்லி ஆள், தொளதொள காக்கி அரைக்கால் சட்டை. எந்தத் தண்ணீரைக் கண்டாலும் கையிலிருக்கும் வெள்ளை எனாமல் கிண்ணத்தில் மொண்டு, கொசுப்புழு நெளிகிறதா என்று பார்ப்பார். எங்கள் வீட்டில் கொடுத்த மோரைக்கூட அப்படித்தான் உற்றுப் பார்த்துவிட்டுக் குடித்தார்.

ஊர்க் கிணறுகளுக்குப் பலகையால் மூடி போட வேண்டும் என்று மேலிடத்துக்கு இங்கிலீஷில் சிபாரிசு செய்தார். அது மேஜை மேஜையாக இறங்கித் தமிழாகி, தண்டோராவில் எங்களிடம் வந்தபோது, "கிணறுகளை மூட வேண்டியது, சர்க்கார் உத்தரவு" என்று ஆகியிருந்தது. தாலுகா ஆட்கள் வண்டி வண்டியாக மண்ணைக் கொட்டி எங்கள் தெருக் கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள். அதுவும் நடுக்கோடையில்.

அடுத்த முறை அவர் வந்தபோது, பக்கத்து வீட்டு அம்மாள் தூர்த்த கிணற்றடியிலேயே காலிக் குடத்தோடு வழிமறித்தாள்.

"இன்னா தொரே, கொசு பூடுச்சு. தண்ணிக்கு நாங்க எங்க போறது?"



"மண்ணை எடுக்கச் சொல்லி மேலே எழுதுங்களேன்" என்றேன் நான்.

"எழுதினேன் சார். 'உங்க யோசனைப்படியே மூடியாச்சே, இன்னும் என்ன?'ங்கிறாங்க."

பேசிக்கொண்டே, பழக்க தோஷத்தில், கிணற்றுக்குள் கிண்ணத்தை விட்டார். அது மண்ணில் இடித்தது. வெறும் கிண்ணத்தை எடுத்து, வழக்கம்போல முகத்தருகே பிடித்து, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு கொசுப்புழுகூட இல்லை.