ஒன்பது மணிக்கே எழுதி வைத்த இரவு

சோமா யாசுயோ நோயாளியின் முகத்தைப் பார்க்கும் முன் காலைத் தொட்டுப் பார்ப்பார். போர்வைக்குள் கைவிட்டு உள்ளங்காலைப் பிடிப்பார். சூடு தெரிந்த பிறகுதான் அடுத்த கட்டில். எங்கள் மனநல மருத்துவமனையின் மூன்றாம் வார்டுக்குப் பதினேழு வருடம் அவர்தான் தலைமை நர்ஸ், பெரிய சிஸ்டர்.

"பெரிய சிஸ்டர் கை ஐஸ்கட்டி. பட்டா செத்தவனும் எந்திரிச்சிருவான்" என்று நோயாளிகள் கிண்டல் செய்வார்கள். அவர் அதற்குச் சிரித்ததே இல்லை.

நான் ஹத்தா. மரியாதை சேர்த்தால் ஹத்தாசான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டுக் கணவாய் மீன் பிடிக்கும் படகில் ஏறியவன். முதலாளி படகை விற்றதும் இந்த வார்டில் உதவியாளாகச் சேர்ந்தேன். தூக்குவது, கழுவுவது, டாக்டர் சொன்னால் ஆளைக் கட்டிலோடு கட்டுவது, இதுதான் வேலை. அந்தக் காலைத் தொடும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவரும் நானும்.

இருபத்தேழு வருடத்துக்கு முன், ஆகஸ்ட் பதின்மூன்று. செத்தவர்களை வீட்டுக்கு அழைக்க ஊரெல்லாம் வாசலில் நெருப்பு வைக்கும் நாள். பாதிப் பேர் லீவு. அறுபது கட்டிலுக்கு யாசுயோவும் நானும்தான். ஜன்னலோரக் கட்டிலில் சவாகுச்சி எய்ஜி, நாற்பத்தொரு வயது. நாலு நாளாகப் பெல்ட் போட்டுக் கட்டியிருந்தது. கட்டியது நான். அவன் வாயில் ஒரே கேள்வி: "மணி என்ன, சிஸ்டர்?"

கட்டிய ஆளை அரை மணிக்கு ஒரு தடவை பார்த்துத் தாளில் எழுத வேண்டும். எங்கள் வார்டில் ஒன்பது மணிக்கே உட்கார்ந்து, விடியும்வரைக்கும் 'தூக்கம், தூக்கம்' என்று நிரப்பிவிடுவார்கள். யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை. அன்றைக்கு யாசுயோ அப்படி நிரப்பிக்கொண்டிருந்தபோது எய்ஜி கேட்டான், மணி என்ன என்று.

"தூங்குங்க எய்ஜிசான். விடிஞ்சதும் சொல்றேன்."

கொஞ்ச நேரத்தில் கோடி அறையில் ஒருவர் கண்ணாடியை உடைத்துக் கையைக் கிழித்துக்கொண்டார். ரத்தம், தையல், தரை கழுவல், பிறகு மற்ற கட்டில்கள். எய்ஜியிடம் நாங்கள் போனபோது மணி நாலு. கால் கட்டையாக விறைத்திருந்தது. கடலில் செத்தவர்களைத் தூக்கிப் பழகிய கை எனக்கு. இது இப்போது வந்த விறைப்பு இல்லை, நடுராத்திரிக்கு முன்பே போய்விட்டான் என்று தெரிந்தது. தாளில் மூன்றரைக்கும் 'தூக்கம்' இருந்தது. டாக்டர் தாளைப் பார்த்தார். பதினான்காம் தேதி அதிகாலை, தூக்கத்தில் மரணம் என்று எழுதினார். நாங்கள் வாய் திறக்கவில்லை.

பெரிய சிஸ்டர் ஆன அன்றைக்கு யாசுயோ முதலில் கேட்டு வாங்கியது கடிகாரங்கள். எந்தக் கட்டிலில் படுத்தாலும் ஒன்று கண்ணில் படும். யாரையாவது கட்டச் சொன்னால் டாக்டரோடு சண்டைக்கு நிற்பார். கட்டுவதற்குப் பதில் தானே நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். என் வேலை பாதியாகக் குறைந்தது. ஆனால் மத்தியானம் எல்லோரும் படுத்திருக்கும்போது, வராந்தாவில் நடந்துகொண்டே "ஒண்ணு பத்து" என்பார்.

"யாருக்குச் சொல்றீங்க?"

"கேட்டாங்களே, ஹத்தாசான்."

யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

எய்ஜியின் அக்கா தோமி மீன் சந்தையில் கணவாய் காயவைப்பவர். ஒவ்வொரு ஆகஸ்ட் பதினாலும் கல்லறையைக் கழுவி, சோறு வைத்துவிட்டு நேராக இங்கே வருவார். காய்ந்த கணவாய்ப் பொட்டலம் ஒன்றை நீட்டி, யாசுயோவின் முன் தலை தாழ்த்துவார். "ராத்திரி பூரா அரை மணிக்கொரு தரம் என் தம்பியப் பாத்தீங்களே. அந்தத் தாளைக் காமிச்சாங்க. நான்கூட அப்படிப் பாத்திருக்கமாட்டேன்." யாசுயோ அந்தக் கணவாயை ஒரு துண்டும் தின்றதில்லை. எனக்குத் தருவார். எனக்கும் இறங்காது.

போன வருடம்தான் அவருக்குக் கடைசி ஆகஸ்ட், மார்ச்சில் ஓய்வு. பதினாலாம் தேதி காலை பத்தரை மணிக்கு, கட்டியிருந்த ஒரு நோயாளியின் தாளை எடுத்தார். பகல் பன்னிரண்டு வரை நிரம்பியிருந்தது. எழுதியவள் புது நர்ஸ் ஷிஹோரி, வேலைக்கு வந்து மூன்று மாதம்.

"எல்லாரும் இப்படித்தானே எழுதறாங்க, பெரிய சிஸ்டர்?"

வைவார் என்று நின்றேன். போர்வைக்குள் கைவிட்டார். சூடு இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மத்தியானம் தோமி வந்தார். பொட்டலத்தை மேஜையில் வைத்துக் குனியப் போனவரை யாசுயோ தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"குனியாதீங்க. அந்தத் தாளை நான் ஒம்பது மணிக்கே எழுதிட்டேன். நாலு மணி வரைக்கும் அவரைப் பாக்கவே இல்லை. உங்க தம்பி பதினாலுல போகல. பதிமூணு ராத்திரியே போயிட்டார்."

"கால் விறைச்சிருந்துச்சு. நானும் பாத்தேன், அக்கா" என்றேன்.

தோமி தோளிலிருந்த கையை விலக்கினார்.

"பதிமூணா? அன்னைக்கு வாசல்ல நெருப்பு வச்சு அப்பாவையும் அம்மாவையும் கூப்பிட்டேன். இவனைக் கூப்பிடல. உயிரோட இருக்கறவன யாராவது கூப்பிடுவாங்களா? இருபத்தாறு வருஷமா தப்பான நாள்ல சோறு வச்சிருக்கேன்." பிறகு கேட்டார்: "கடைசியா என்ன பேசினான்?"

"மணி கேட்டார்."

"சொன்னீங்களா?"

"விடிஞ்சதும் சொல்றேன்னேன்."

தோமி பொட்டலத்தைத் திரும்ப எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்றே யாசுயோ நிர்வாகத்துக்கும் எழுதிக் கொடுத்தார். பதவியைப் பறித்தார்கள். மார்ச் வரை துணிக் கிடங்கில் விரிப்பு மடித்தார். என்னைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் விசாரித்தார்கள். அவ்வளவுதான்.

இந்த வருடம் பதின்மூன்றாம் தேதி சாயங்காலம் மனது கேட்காமல் தோமி வீட்டுப் பக்கம் போனேன். வாசலில் குந்தி நெருப்பு வைத்துக்கொண்டிருந்தார். எதிர்ச் சுவரோரம் யாசுயோ. எப்போது வந்து நின்றாரோ, கூப்பிடாமல் நின்றிருந்தார்.

தோமி திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"மணி என்ன?"

யாசுயோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏழாகப் போகுது."

"அப்ப ஒம்பது ஆகல. இன்னும் உயிரோடதான் இருக்கான்" என்றார் தோமி. குச்சியை நெருப்புக்குள் தள்ளினார்.