எல்லா நாளும் பச்சை

அண்ணாச்சியின் கல்யாண மண்டபத்துக்கு அவர் மருமகன் துபாய் போகுமுன் எழுதிக் கொடுத்த பழைய புக்கிங் புரோகிராம் ஒன்று இருந்தது. அதைப் புது வெப்சைட்டுக்குள் கொண்டுவரும் வேலை, பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்ட எனக்குக் கிடைத்தது. முழுதாகப் படித்தவன் எவனும் சங்கரன்கோவிலில் அகப்படவில்லை போலும்.

பழைய ஃபைலை அப்படியே, புது வெப்சைட்டைத் தாங்கும் ஃபிரேம்வொர்க்கில் ஃபங்ஷன் என்கிற ஒரு துண்டு நிரலுக்குள் இன்க்ளூட் செய்து சேர்த்துக்கொண்டேன். பக்கம் திறந்தது. ஒரு எரர்கூட இல்லை. பதிவான நாள் சிவப்பு, காலி நாள் பச்சை என்பது ஏற்பாடு. அண்ணாச்சி கையால் எழுதிவந்த புக்கிங் நோட்டைப் பரணில் தூக்கிப் போட்டேன்.

மறுநாள் காலை பெண்ணைப் பெற்றவர் ஒருவர் ஆவணியில் ஒரு தேதி கேட்டு வந்தார்.

"பச்சைதான் காட்டுது. ஆனா இந்தத் தேதிய யாரோ கேட்ட மாதிரி இருக்கே," என்று அண்ணாச்சி இழுத்தார்.

"கம்ப்யூட்டருக்கு ஒங்கள மாதிரி மறதி கெடையாது அண்ணாச்சி," என்றேன்.

வந்தவர் சந்தோஷமாகப் பத்திரிகை அடிக்க அச்சகத்துக்குக் கிளம்பினார்.

அவர் போன பிறகுதான் அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "ஏலே, இன்னைக்கும் பச்சையால்லா இருக்கு! கீழ மேளம் அடிக்கானே, அது ஒன் புரோகிராமுக்குக் கேக்கலயோ?"

ஐப்பசி, தை, எல்லாம் பச்சை. பழைய ஃபைலைத் திறந்தேன்.

பதிவுப் பட்டியல் பழைய ஃபைலின் தலையில் இருந்தது. கீழே உள்ள ஃபங்ஷன்கள் எல்லாம் 'குளோபல்', அதாவது எல்லோருக்கும் பொது, என்று சொல்லி அதை வெளியே தேடும். ஃபைல் தனியாக ஓடியபோது பட்டியல் நடுத்தெருவில் நின்றது, எல்லோர் கண்ணிலும் பட்டது. நானோ அதை என் ஃபங்ஷன் என்ற அறைக்குள் கூப்பிட்டுவிட்டேன். பட்டியல் அறையோடு நின்றுவிட்டது. தெருவில் தேடியவர்களுக்கு ஒன்றும் அகப்படாததால், எந்த நாளும் பதிவாகவில்லை என்று சொல்லிவிட்டார்கள். எரராவது காட்டித் தொலைத்திருக்கலாம், சனியன்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம். சரிசெய்ய ஒரே வரி: இன்க்ளூடுக்கு முன்னால், அந்தப் பட்டியல் குளோபல் என்று என் ஃபங்ஷனிலும் எழுதினேன். பக்கம் சிவந்தது. அந்த ஆவணித் தேதியும்.

"ஓடுல!" என்றார் அண்ணாச்சி.

அச்சகத்தில் பெண்ணைப் பெற்றவர் பத்திரிகையில் பிழை பார்த்துக்கொண்டிருந்தார். நல்லவேளை, அச்சு ஓடவில்லை. விஷயத்தைச் சொன்னேன்.

"மாப்பிள்ள வீட்டுக்கு இப்பந்தான் தேதிய சொன்னேன்," என்றவர், நம்பரைப் போட்டு போனை என் கையில் வைத்தார். "நீயே சொல்லு தம்பி. ஒனக்குத்தான் வாய் இருக்கே."

ரிங் போய்க்கொண்டிருந்தது.