வழிமொழிய ஆளில்லை

ஓரன் ரீடல் பதினாறு வருஷம் தெற்குப் பகுதிக்குக் கவுண்டி கமிஷனராக இருந்தார்; கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி. அத்தனை வருஷத்தில் ஒருத்தரையும் ஏமாற்றியதில்லை என்று தெற்குப் பக்கத்து ஜனங்கள் அடித்துச் சொல்வார்கள். ஏமாற்றினார். அது எப்படி என்றுதான் அவர்களுக்குத் தெரியாது.

ஆள் கோதுமை விவசாயி. இடது கையில் இரண்டு விரலை அறுவடை இயந்திரத்துக்குக் கொடுத்தவர். மழை விட்ட மறுநாளே சரளை ரோட்டைச் சமன்படுத்த வண்டி வந்து நிற்கும். வராவிட்டால் ஓரனே போய் ஓட்டுநரின் வீட்டுக் கதவைத் தட்டுவார். எல்க் ஓடைப் பாலம் அவர் கட்டியது. வெண்டல் ஊரில் ஓர் ஆம்புலன்ஸ் நிலையம் வந்ததும் அவரால்தான். அதற்கு முன்பு தெற்கில் யாருக்காவது நெஞ்சு வலித்தால் வடக்கே கவுண்டித் தலைநகரிலிருந்து வண்டி வர முக்கால் மணி நேரம் ஆகும். இதையெல்லாம் யாரும் மறுக்க முடியாது. நல்ல மனுஷன். அதுதானே வயிற்றெரிச்சல்.

கமிஷனர்கள் மொத்தமே மூன்று பேர். மேற்குப் பகுதிக்கு கில்பர்ட் வாஸிங்கர், ஓரனோடு ஒரே பள்ளிக்கூடப் பேருந்தில் போய் வந்தவர். தலைவர் நாற்காலியில் ட்வைலா பெக், கணக்காகப் பேசுகிற பெண்மணி. மூன்றில் இரண்டு பேர் சேர்ந்தாலே பெரும்பான்மை ஆகிவிடும் என்பதால், கூட்டத்துக்கு வெளியே எந்த இரண்டு பேரும் கவுண்டி விஷயம் பேசக்கூடாது என்று சட்டம். ஓரனும் கில்பர்ட்டும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். காபிக் கடையில்கூட தனித்தனி மேஜை. இந்த மேஜையிலிருந்து அந்த மேஜைக்கு மழையையும் சோளத்தையும் பற்றிக் கத்துவார்கள்.

"பேசாம விவாகரத்து வாங்கிக்கங்கய்யா, எனக்கு ஒரு மேஜை மிச்சமாகும்," என்பாள் கடைக்காரி.

இனி அந்த ஏமாற்று வேலைக்கு வருவோம். ஏழு வீட்டுக்காக ஒரு தார் ரோடு கேட்டு, முதல் வருஷமே ஜனங்கள் கூட்டமாக வந்து கூடத்தை நிறைத்தார்கள். நடக்காத காரியம் என்று ஓரனுக்குத் தெரியும். சொல்லத் தைரியமில்லை. "முன்மொழிகிறேன்" என்றார். வழிமொழிய வேண்டிய கில்பர்ட் தன் பேனாவைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். வழிமொழிய ஆளில்லாத தீர்மானம் ஓட்டெடுப்புக்கே போகாது, அங்கேயே செத்துவிடும். ஓரன் வெளியே வந்து, "நான் கேட்டேன், என்ன பண்ணச் சொல்றீங்க?" என்று கையை விரித்தார். ஏழு வீட்டுக்காரர்களும் அவர் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிப் போயிற்று. இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை, சட்டம்தான் விடாதே! கூடம் காலியாக இருந்து ஓரன் முன்மொழிந்தால் நிஜம். அவர் வாயை மூடுவதற்குள் கில்பர்ட் வழிமொழிந்துவிடுவார். கூடம் நிறைந்திருந்தால் அது ஊருக்காக ஆடுகிற கூத்து. கில்பர்ட் பேனாவைப் பார்ப்பார். தேர்தல் நோட்டீஸில் "ஓரன் ரீடல் உங்களுக்காக முன்மொழிந்தவை" என்று நீளமாகப் பட்டியல் வரும். அதில் பாதி கில்பர்ட்டின் மௌனத்தால் செத்தவை. வெட்கக்கேடு!

பதினாறாம் வருஷம் ஆகஸ்டில் ட்வைலா தயாரித்த பட்ஜெட்டில் வெண்டல் ஆம்புலன்ஸ் நிலையம் இல்லை. அங்கே மிஞ்சியிருந்த ஊழியர்கள் டெஸா கூன், அவள் புருஷன், அவ்வளவுதான். பக்கத்துக் கவுண்டி அவர்களை வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. "திங்கட்கிழமை மத்தியானத்துக்குள்ள பதில் சொல்லணும், ஓரன். நிலையம் இருக்குன்னா நாங்க இருக்கோம்," என்றாள் டெஸா.

மார்ச்சில் ஓரனின் மனைவி நார்மா அடுப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தபோது ஒன்பதே நிமிஷத்தில் வந்து அவளைப் பிழைக்க வைத்தவள் இந்த டெஸாதான். நெஞ்சு வலி இன்னொரு தடவை வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கூட்டத்தில் இதைச் சொல்லவும் ஓரனுக்கு மனசில்லை. சொந்த வீட்டுக்காகக் கேட்கிறான் என்று ஆகிவிடும்.

"கில்பர்ட்கிட்ட ஒரு வார்த்தை போட்டு வச்சிடு," என்றாள் நார்மா.

"சட்டம் விடாது."

"அடப் போய்யா, சட்டம்! உங்க ரெண்டு பேரு கூத்து எனக்குத் தெரியாதா? அவன் இதையும் அப்படின்னு நெனச்சிட்டா?"

"ஆம்புலன்ஸ் விஷயம் நார்மா. அவனுக்குக் கூடவா புரியாது?"

அந்த வாரம் பூராவும் ஓரன் போனும் கையுமாக இருந்தார். ட்வைலாவை அசைக்க வேண்டும் என்று தெற்கில் ஒரு வீடு விடாமல் கூப்பிட்டார். திங்கட்கிழமை காலை அறுபது பேர் வந்துவிட்டார்கள். நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். டெஸா கடைசி வரிசையில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கில்பர்ட் உள்ளே நுழைந்தார், கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார், லேசாகச் சிரித்துக்கொண்டு தன் இடத்தில் உட்கார்ந்தார்.

ஓரன் எழுந்தார். "வெண்டல் ஆம்புலன்ஸ் நிலையத்தைப் பட்ஜெட்டில் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று முன்மொழிகிறேன்." குரல் நடுங்கியது. ஜனங்கள் கைதட்டினார்கள்.

"வழிமொழிய யாராவது?" என்றார் ட்வைலா.

கில்பர்ட் பேனாவைப் பார்த்தார்.

ஓரன் அவரையே வெறித்தார். நிமிரடா, ஒரே ஒரு தடவை நிமிர்ந்து என் மூஞ்சியைப் பாரடா என்று உள்ளுக்குள் கதறினார். கில்பர்ட் நிமிரவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் நண்பனின் முகத்தைப் பார்க்காமலிருப்பதுதான் அவர் பதினாறு வருஷமாகக் காட்டிவந்த மரியாதை. வாய் திறந்து கெஞ்சியிருக்கலாம் ஓரன். "கில்பர்ட், இது நிஜம்" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மற்றதெல்லாம் பொய் என்று அறுபது பேருக்கும் தெரிந்துபோகும். அவர் சொல்லவில்லை.

"வழிமொழிய ஆளில்லை. தீர்மானம் விழுந்தது," என்றார் ட்வைலா. பட்ஜெட் இரண்டுக்கு ஒன்று என்று நிறைவேறியது. டெஸா எழுந்து, போனைக் காதில் வைத்துக்கொண்டே வெளியே போனாள்.

தாழ்வாரத்தில் கில்பர்ட் வந்து ஓரன் தோளில் கை போட்டார். "ஏ அப்பா, இன்னிக்குக் குரலெல்லாம் நடுங்குச்சே! நான்கூட ஒரு நிமிஷம் நெசம்னு நெனச்சிட்டேன்யா."

ஓரன் திரும்பினார். அவர் முகத்தைப் பார்த்த கில்பர்ட்டின் கை தோளிலிருந்து தானாக இறங்கியது.

அக்டோபரில் கூடம் காலியாக இருந்த ஒரு நாள் ஓரன் மறுபடி முன்மொழிந்தார். முடிப்பதற்குள் கில்பர்ட் வழிமொழிந்தார். நிறைவேறியும் விட்டது. வண்டி இருந்தது, கொட்டகை இருந்தது, ஓட்ட ஆள் இல்லை. மூன்று மாசம் விளம்பரம் கொடுத்தார்கள். ஒரு விண்ணப்பம் வரவில்லை. டெஸாவைக் கூப்பிட்டுப் பார்த்தார் ஓரன். "இங்க வீடு வாங்கிட்டோம் ஓரன்," என்றாள் அவள், பாவம், அழுகிற குரலில்.

ஆம்புலன்ஸ் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று, கவுண்டித் தலைநகரில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போகும்படி நார்மாவிடம் சொன்னார் ஓரன். "நீ வர்றியா?" என்றாள். அவர் வர முடியாது. கமிஷனர் தன் பகுதியில்தான் குடியிருக்க வேண்டும். "அப்ப நானும் போகல," என்று சொல்லிவிட்டாள். பதவி போனால் போகிறது, வா போகலாம் என்று ஒரு வார்த்தை சொல்ல அந்த மனுஷனுக்கு வாய் வரவில்லையே!

ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை. தலைநகரில் நடந்த கூட்டத்தில், ரோட்டில் பனி வாருவது பற்றிப் பேச்சு. ஜன்னலுக்குக் கீழே ஆம்புலன்ஸ் கத்திக்கொண்டு தெற்கே திரும்பியது. சத்தம் அடங்கும்வரை ட்வைலா எப்போதும்போல நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார். ஐந்து நிமிஷம் கழித்து குமாஸ்தாப் பெண் உள்ளே வந்து, ஓரன் காதருகே குனிந்தாள்.

வண்டி போய்ச் சேர நாற்பத்து நான்கு நிமிஷம் ஆயிற்று. தொலைபேசியை மார்பில் வைத்தபடி நார்மா அடுப்படித் தரையில் கிடந்தாள். உயிர் இல்லை.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் சாப்பாடு. முட்டைக்கோசும் கறியும் அடைத்த பீராக் ரொட்டி, உருளைக்கிழங்கு, காபி. ஓரன் தட்டைத் தொடவில்லை. கில்பர்ட் தன் தட்டோடு வந்து நின்றார். பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக ஓரனின் மேஜையில் உட்கார்ந்தார். அவர் கண்கள் சிவந்திருந்தன.

"ஓரன், அன்னிக்கு நான் ஏன் வாயத் தொறக்கலன்னா..."

"கில்பர்ட்," என்றார் ஓரன், தட்டைப் பார்த்துக்கொண்டே. "அது கவுண்டி விஷயம்யா. நாம வெளிய பேசக்கூடாது."