தலைச்சனுக்கு ஃபியட், மூன்றாவதுக்கு அம்பாசிடர்

பின் சீட்டில் இரண்டு கைகளையும் ஊன்றி நாலு முறை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் ரோசம்மாள் கர்ப்பிணியை வண்டியில் ஏற்றுகிறாள். முந்தின நாள் அமுக்கிய அதே சீட்டாக இருந்தாலும் சரி. "நேத்து இருந்த ஸ்பிரிங்கு இன்னிக்கும் இருக்கும்னு இன்னா கேரண்டி?" என்பாள்.

கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரியில் அவள் ஆயா. சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து பிரசவக்காரிகளை அழைத்துவருவது பதினாறு வருடமாக அவள் பொறுப்பு. ஸ்டேஷன் வாசலில் நிற்கும் வாடகைக் கார்கள் இரண்டே இரண்டு: துளசிராமனின் அம்பாசிடர், யேசுதாஸின் ஃபியட். டீக்கடையில் இருவருக்கும் ஓயாத வழக்கு.

"ஆயிரத்து நானூத்தி எம்பத்தொம்போது சிசி. மலையே ஏறும்" என்பான் துளசிராமன்.

"பெட்ரோலைக் குடிச்சிக்கினே ஏறட்டும். என் வண்டி வெயிட்டு உன்னுதுல முக்காவாசிதான். பறக்கும்."

ரோசம்மாள் டீ கிளாஸைக் கீழே வைப்பாள். "சிசியாவது பீசியாவது! இடுப்பு நோவுறவளுக்கு இன்னாடா சிசி?"

அவளுடைய கணக்கு வேறு. தலைச்சன் பிள்ளை நிதானமாகத்தான் வரும். சீட்டு குறுகலானாலும் ஃபியட் போதும். மூன்றாவது பிள்ளைக்குப் பொறுமை கிடையாது, வழியிலேயே பிறந்துவிடும். கால் நீட்ட அம்பாசிடர்தான் வேண்டும். ஊரே ஏற்றுக்கொண்ட சட்டம் இது.

எழுபத்தொன்றாம் வருட ஐப்பசியில் சுண்ணாம்புக்குளத்துக் கங்கம்மாவுக்கு மூன்றாவது பிரசவம். சட்டப்படி அவளை அம்பாசிடரில் ஏற்றினாள். சொந்தக்காரர்கள் பின்னால் ஃபியட்டில் வந்தார்கள். மழையில் ஊறிய மண்சாலையில் அம்பாசிடரின் பின்சக்கரம் அச்சுவரை புதைந்தது. துளசிராமன் மிதிக்க மிதிக்க வண்டி இன்னும் இறங்கியது. அந்த நேரம் பார்த்து ரோசம்மாள் கங்கம்மாவைத் தொட்டுப் பார்த்தாள். குழந்தையின் தலை வரவில்லை, கால் தட்டுப்பட்டது. டாக்டர் இல்லாமல் ஆகாது.

"டேய் யேசு, உன் வண்டி சேத்தைத் தாண்டுமா?"

"தாண்டாதுக்கா. தூக்குனா வரும்."

வயலில் நின்றவர்களும் ஓடிவந்தார்கள். முன்புறம் ஒரு தூக்கு, பின்புறம் ஒரு தூக்கு என்று எட்டுப் பேர் ஃபியட்டைச் சேற்றுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்தார்கள். முழங்கால் சேற்றில் நின்று முதலில் பம்பரைப் பிடித்தவன் துளசிராமன். கங்கம்மாவை மாற்றி ஏற்றியதும் யேசுதாஸ் சொன்னபடியே பறந்தான்.

ஒரு மணி நேரத்தில் டாக்டரம்மா கையில் பெண் குழந்தை வீறிட்டது. தாய்க்கும் குறையில்லை. குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு ரோசம்மாள் வராந்தாவுக்கு வந்தாள்.

"இன்னாக்கா, இனிமே மூணாவதுக்கும் ஃபியட்டுதானே?" என்று யேசுதாஸ் வாயெல்லாம் பல்லாக நின்றான்.

அப்போதுதான் துளசிராமன் மூன்று மைல் நடந்து வந்து கேட்டருகே ஒதுங்கி நின்றான். ரோசம்மாள் யேசுதாஸைத் தாண்டிப் போய் அவனிடம் குழந்தையை நீட்டினாள்.

"வேணாங்க்கா, கையெல்லாம் சேறு."

அவள் குழந்தையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு, மறு கையால் முந்தானையை இழுத்து அவன் கைகளை விரல் விரலாகத் துடைத்தாள். துடைத்த கைகளில் குழந்தையை வைத்தாள்.