கிங்ஸ் கவுன்ட்டியைப் பிறப்பிடமாகக் கொண்டவர்

ஒரே வீட்டில், ஒரே தாய்க்கு, ஒரே கட்டிலில் பிறந்த இருவர் வெவ்வேறு மாவட்டங்களில் பிறந்திருக்க முடியுமா என்ற கேள்வி எட்டு வயதில் என்னை மிகவும் வாட்டியது.

லண்டன் டூட்டிங்கில் எங்கள் வீட்டோடு சுவர் ஒட்டிய வீட்டில் அயர்லாந்தைச் சேர்ந்த ஓர் அண்ணனும் தங்கையும் வாழ்ந்தார்கள். இருவரும் மணம் முடிக்காதவர்கள். இருவருக்கும் தலை பஞ்சாக வெளுத்திருந்தது. நாங்கள் மன்னார்க் கத்தோலிக்கர் என்பதால், ஞாயிறுதோறும் ஒரே கோயிலில், ஒரே வாங்கில் அவர்களோடு அமர்ந்து பூசை கண்டோம். நான் அவர்களை அங்கிள் என்றும் ஆன்ட்டி என்றும் அழைத்தேன்.

எங்களோடு வாழ்ந்த மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், யாரைச் சந்தித்தாலும் முதலில் ஊரைக் கேட்பார். பெயரெல்லாம் அதற்குப் பிறகுதான். அவர்களிடமும் வேலிக்கு மேலால் கேட்டார். அங்கிள் "கிங்ஸ் கவுன்ட்டி" என்றார். அவர் வாய் மூடுமுன் ஆன்ட்டி "ஓஃபலி" என்றார். அங்கிள் எங்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். தான் பிறந்தபோது அது அரசனின் மாவட்டமாக இருந்ததென்றும், தங்கை பிறப்பதற்குள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்றும், ஆகவே தாங்கள் இருவரும் ஒரே ஊரவர் அல்லர் என்றும் விளக்கம் சொன்னார். ஆன்ட்டி கையிலிருந்த ஈரத்துணியால் அவருடைய தோளில் ஓர் அடி வைத்தார்.

மாமாவுக்கு அந்தப் பெயர் பிடித்துப்போயிற்று. "ராசாவின்ர மாவட்டமாம், பிள்ளை! சும்மா ஆளில்லை," என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

எனக்கு விளங்கியது வேறு. மாமா சொல்லும் ஊர்ப் போர்க் கதைகளில் ஒரே வீதியின் இந்தப் பக்கம் ஆமியின் இடமாகவும் அந்தப் பக்கம் இயக்கத்தின் இடமாகவும் இருக்கும். ஆகவே அயர்லாந்திலிருந்த அந்த வீட்டின் நடுவிலும் ஓர் எல்லைக்கோடு ஓடியிருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். இரு பிள்ளைகளும் பிறந்ததற்கு இடைப்பட்ட காலத்தில் கட்டிலை யாரோ கோட்டுக்கு இப்பால் இழுத்துப் போட்டிருக்கிறார்கள். சமையலறை எந்தப் பக்கம் என்பதுதான் பிடிபடவில்லை.

பிற்காலத்தில் படித்து அறிந்ததை இங்கே சொல்லிவிடுவது முறை. ஓஃபலி என்பது அந்நிலத்தை முன்பு ஆண்ட குடியின் பெயர். இங்கிலாந்தின் அரசி ஒருத்தி அந்நிலத்தைப் பறித்துத் தன் ஆட்களைக் குடியேற்றினாள். அதை மாவட்டமாக்கித் தன் கணவனான அரசனுக்கு உரியதென்று பெயரிட்டாள். அடுத்த மாவட்டத்துக்கு அரசியின் மாவட்டம் என்று பெயர். இப்படிக் கணவனும் மனைவியும் நாட்டு வரைபடத்தில் அருகருகே அமர்ந்தார்கள். அந்த அரசனோ அயர்லாந்து மண்ணில் ஒருநாளும் கால் வைத்ததில்லை. பல நூற்றாண்டுகள் கழித்து, அயர்லாந்து தன்னாட்சியை நோக்கிப் போராடிய காலத்தில், மக்கள் பழைய பெயரை மீட்டுக்கொண்டார்கள். ஒரு பெயரை இடுவதற்கு ஓர் ஆணை போதும். அதன் விளைவோ, வேறொரு நாட்டின் தலைநகரில், இரு முதியவர்களின் ஈரத்துணி வரை வந்து சேர்கிறது.

அடுத்த ஆண்டு அங்கிள் இறந்துபோனார். எங்கள் ஆட்களில் மரண அறிவித்தல் இல்லாமல் எவரையும் அடக்கம் செய்வதில்லை. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்டவர் என்று தொடங்கும் அந்த வாசகம் இல்லாவிட்டால், இறந்தவர் ஊர் பேர் அற்றவர் ஆகிவிடுவார். மாமாவுக்கு அது பொறுக்கவில்லை.

"அவைக்கு இங்க ஆர் இருக்கினம்? நாங்கள்தானே செய்யோணும்," என்றார்.

"ஆன்ட்டியிட்ட ஒரு சொல்லுக் கேளுங்கோவன், அண்ணை," என்றார் அம்மா.

"செத்த வீட்டில போய் என்னத்தைக் கேக்கிறது? அந்த மனுசன் தன்ர வாயாலதானே ஊரைச் சொன்னது."

மறுநாளே அறிவித்தல் அச்சாகி வந்தது. பூவளையத்துக்குள் அங்கிளின் முகம், இருபுறமும் குத்துவிளக்கு, மேலே தமிழ், கீழே ஆங்கிலம். அயர்லாந்து கிங்ஸ் கவுன்ட்டியைப் பிறப்பிடமாகவும் லண்டன் டூட்டிங்கை வதிவிடமாகவும் கொண்டவர். மாமா அதை வீதியிலிருந்த எங்கள் ஆட்களின் கடைகள் எல்லாவற்றிலும் ஒட்டினார்.

பால் வாங்கப் போன ஆன்ட்டி, கருவாட்டுக்கும் வெண்டிக்காய்க்கும் மேலே கண்ணாடியில் தன் அண்ணனைக் கண்டார். அந்த அறிவித்தலில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். மேசையில் விரித்து, அந்த வரியின் மேல் விரலை வைத்தார். குரலை உயர்த்தவில்லை. பூவுக்கு நன்றி, விளக்குக்கும் நன்றி என்றார். பிறகு, அந்த அரசனின் பெயர் எழுதிய பலகைகளைப் பிடுங்கியதற்காகத் தங்கள் தந்தை சிறையில் கிடந்தவர் என்றார். "அப்போதுதான் அண்ணன் பிறந்தான். அவன் நடக்கத் தொடங்கிய பிறகே தந்தை அவனை முதன்முதலில் பார்த்தார். அந்தப் பெயரைச் சொல்லி என்னைச் சீண்டுவது வாழ்நாள் முழுவதும் அவனுடைய விளையாட்டு. அதை விளையாட இந்த உலகத்தில் நாங்கள் இருவர்தான் இருந்தோம். நீங்கள் அதை உண்மையாக்கி வீதியில் ஒட்டிவிட்டீர்கள். நாளை என் தந்தையின் மகனை அந்தப் பெயரோடா புதைப்பது?" என்று கேட்டார்.

மாமா தலையைத் தூக்கவில்லை. அவருடைய அகதி விண்ணப்பம் நெடுங்காலம் இழுபட்டிருந்தது. அவருடைய கிராமத்தை ஒரு பத்திரம் ஒரு மாவட்டத்திலும் மற்றது வேறொரு மாவட்டத்திலும் காட்டியதுதான் காரணம். இரண்டு ஊர் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அம்மா அழுத நாள் எனக்கும் நினைவிருந்தது.

"எனக்கெல்லோ இது முதல் விளங்கியிருக்கோணும்," என்றார் மாமா, அம்மாவிடம் மிக மெதுவாக.

அன்றே வெள்ளை ஒட்டுத்தாளில் ஓஃபலி என்று எழுதிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு கடை கடையாகப் போனார். ஒரு கடைக்காரர், "என்ன அண்ணை, செத்தாப்பிறகும் ஆளின்ர கேசை மாத்திக் குடுக்கிறியளோ?" என்று பகிடி விட்டார். மாமா சிரிக்கவில்லை. பிழையான பெயர் எங்கும் தெரியாதபடி விரலால் அழுத்தி அழுத்தி ஒட்டினார். நல்லெண்ணத்தால் செய்த காரியத்துக்கும் ஒருவர் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதை அந்த விரலிலிருந்துதான் நான் கற்றிருக்க வேண்டும். அன்று கற்கவில்லை. எனக்குக் கால் வலித்தது.

அடக்கத்தன்று காலை, பெட்டி மூடப்படுமுன், அங்கிளைப் பார்க்க அவர்கள் வீட்டு முன்னறைக்குப் போனோம். ஆன்ட்டி மாமாவை அருகே அழைத்து, திருத்தாத அறிவித்தல் ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். மாமா தடுமாறிப்போனார். ஆன்ட்டி எங்கள் மேசையில் விட்டுச்சென்ற அந்த ஒன்றை எறிய மனமின்றி, தன் கோட்டுப் பைக்குள் மடித்து வைத்திருந்தார். தயங்கித் தயங்கி எடுத்துக் கொடுத்தார். ஆன்ட்டி அதை இன்னும் சிறிதாக மடித்து, அங்கிளின் சட்டைப்பையில் செருகினார்.

"சரி, உன் அரசனையும் கூட்டிக்கொண்டு போ," என்றார். பிறகு அங்கிளின் தோளில் வெறுங்கையால் ஓர் அடி வைத்தார். சிரித்தார், முகம் முழுவதும் நனைந்திருந்தது.

பெட்டியின் மேலிருந்த தகட்டில் ஓஃபலி. சட்டைப்பைக்குள் கிங்ஸ் கவுன்ட்டி. அப்படியானால் இவ்வளவு கடைகளில் ஏன் திருத்தினோம்? கோயிலில் எல்லோரும் அவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக மன்றாடியபோது, மேலே வாசலில் நிற்பவர்கள் அவருடைய பையைச் சோதிக்காமல் விட வேண்டும் என்று நான் மட்டும் மன்றாடினேன்.

வெளியே வந்ததும் மாமாவின் கையைப் பிடித்து இழுத்து, அங்கிளைத் திருப்பி அனுப்பிவிடுவார்களா என்று கேட்டேன்.

மாமா நின்றார். ஆன்ட்டி தனியே காரில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு, "எங்கயடா செல்லம் திருப்பி அனுப்புறது?" என்றார்.

எந்த மாவட்டத்தைச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.