மல்லாங்கிணறு வீட்டு நீலத் தட்டு

என் வீட்டுக்காரர் இறந்த பிறகும் நான் சிவகாசி அச்சகத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். பதினோரு வருஷமாக அங்கே ஷீட் பார்த்தவள். தீப்பெட்டி லேபிள், வெடிக்கட்டு லேபிள், காலண்டர் என்று மெஷினிலிருந்து வரும் தாள்களைப் புரட்டிப் பார்க்க வேண்டும். நிறம் விலகியிருந்தால், கறை விழுந்திருந்தால், எடுத்து வேஸ்ட்டில் போட வேண்டும். சந்தேகம் வந்தால் ஒரு சின்ன லென்ஸைத் தாளின் மேல் வைத்துக் குனிவோம். அச்சில் எந்தப் படமும் படமாக இருக்காது, புள்ளி புள்ளியாகத்தான் இருக்கும். நாலு நிறத்துப் புள்ளிகளும் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருந்தால் நல்ல ஷீட்.

அவர் பேப்பர் கட்டிங்கில் இருந்தார். ஒருநாள் காலை டீ குடிக்கப் போனவர் கடை பெஞ்சில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி என்றார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. நான் அழவில்லை என்பதை வந்தவர்கள் எல்லோரும் கவனித்தார்கள், சிலர் என்னை உலுக்கிக்கூடப் பார்த்தார்கள். அழுகையை அடக்கிக்கொண்டிருக்கிறேன் என்று அவர்கள் நினைத்தார்கள். அடக்குவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை.

இரண்டாவது மாதம், சீசன் நேரம், மத்தாப்புப் பெட்டி லேபிள் ஓடிக்கொண்டிருந்தது. லேபிளில் ஒரு பெண் மத்தாப்பைப் பிடித்திருப்பாள். மஞ்சள் விலகி அவள் கன்னம் தாடைக்குக் கீழே போய்விட்டது. அந்த லோடு முழுவதையும் நான் ஒவ்வொரு ஷீட்டாகப் புரட்டி, நல்லது என்று அடுக்கி வைத்திருந்தேன். மேற்பார்வையாளர் என்னைத் திட்டவில்லை. "கொஞ்ச நாள் வீட்டுல இருந்துட்டு வாங்கக்கா" என்று மட்டும் சொன்னார். நான் வீட்டுக்குப் போனேன். இடுப்புப் பையில் லென்ஸ் இருந்தது. யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

விருதுநகரிலிருந்து அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போனான். தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் அவனுக்குப் பாத்திரக்கடை. பழைய பித்தளையைப் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்கிப் போவார்கள். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, மதினி என் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு, "குழம்புல உப்பே போடல. நீபாட்டுக்குத் தின்னுக்கிட்டிருக்க, சொல்ல மாட்டியா?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மறுநாளிலிருந்து என்னைக் கடைக்கு அனுப்பிவிட்டார்கள். உட்கார்ந்திருந்தால் போதும் என்றார்கள்.

அந்தச் சமயம் பழைய வீடுகளை இடித்துக் கான்கிரீட் வீடு கட்டுகிற வேகம். பித்தளையோடு பீங்கானும் கடைக்கு வர ஆரம்பித்திருந்தது. ஊறுகாய் ஜாடி, பூப்போட்ட தட்டு, மூடி இல்லாத கிண்ணம், நீளக் கழுத்துக் கண்ணாடிக் குப்பி. அண்ணனுக்கு அது பிடிபடவில்லை. காரைக்குடியிலிருந்து பழம்பொருள் வியாபாரி ஒருவர் வாரம் ஒரு தடவை வேனில் வந்து தேவையானதைப் பொறுக்கிக்கொண்டு போவார்.

ஒரு தடவை தங்க விளிம்பு வைத்த ரோஜாத் தட்டு இரண்டை அவர் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்துக்கொள்ளப் போகிற முகம். எனக்கு அதில் அக்கறை ஒன்றும் இல்லை. பக்கத்தில் தட்டு இருந்தது, பையில் லென்ஸ் இருந்தது, வைத்துப் பார்த்தேன்.

"இது புள்ளி" என்றேன்.

"என்னம்மா?" என்றார் வியாபாரி.

"நாலு கலர் புள்ளி. நாங்க காலண்டர் அடிக்கிற மாதிரி அடிச்சு ஒட்டிச் சுட்டிருக்காக. அம்புட்டுப் பழசு இல்ல."

அவர் லென்ஸை வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். தட்டுகளைக் கீழே வைத்துவிட்டார். அண்ணன் அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. அடுத்த வாரம் வியாபாரி தன் வேனிலிருந்தே ஆறு தட்டுகளை இறக்கி என் முன்னால் வைத்தபோதுதான் அவன் முகம் மாறியது.

அப்படித்தான் நான் இதற்குள் வந்தேன். மீதியைப் பார்த்துப் பார்த்தே தெரிந்துகொண்டேன். கையால் தீட்டியதில் தூரிகை எடுத்த இடத்தில் நிறம் கனத்து நிற்கும். செம்புத் தகட்டில் வெட்டித் தாளில் எடுத்து ஒட்டிய பழைய நீலத் தட்டுகளில் புள்ளிக்கட்டம் இருக்காது, பொடிக் கோடுகள் இருக்கும். விளிம்புக் கொடியைச் சுற்றிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் கொடி சேராமல் துண்டாக நிற்கும். தாள் போதாமல் இன்னொரு துண்டு வைத்து ஒட்டிய இடம் அது. அச்சகத்தில் அதை வேஸ்ட்டில் போட்டிருப்பேன். இங்கே அதைத்தான் தேடினேன். நகத்தால் சுண்டினால் நல்ல தட்டு மணி மாதிரி கேட்கும், மயிரளவு கீறல் இருந்தாலும் சத்தம் செத்துப்போகும். கண்ணாடிக் குப்பியில் அச்சுக்கோடு வாய்வரை ஏறியிருந்தால் மெஷினில் செய்தது, கழுத்திலேயே நின்றுவிட்டால் வாயைக் கையால் முடித்தது.

ஒருநாள் வெளிர்பச்சைக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று வந்தது. சில பழைய பச்சைக் கண்ணாடி ஒளி காட்டும் என்று வியாபாரி சொல்லியிருந்தார். கள்ளநோட்டுப் பார்க்கிற விளக்கு பக்கத்துப் பலசரக்குக் கடையில் இருந்தது. கொண்டுபோய் அதன் கீழ் வைத்தோம். கிண்ணம் முழுக்கப் பச்சையாக, உள்ளே இருந்து எரிகிற மாதிரி ஒளிர்ந்தது. கடையில் நின்றவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். "பாத்தியா, பாத்தியா" என்றான் அண்ணன். பார்த்தேன். ஒளிர்கிறது, அதனால் பழசு. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் இல்லை. எல்லோரும் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்க வேண்டும் என்று தோன்றி முடிப்பதற்குள் அவர்கள் கலைந்துவிட்டார்கள்.

அந்த வருஷக் கடைசியில் மல்லாங்கிணற்றிலிருந்து அண்ணனுக்கு ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார்கள். நிலபுலன் உள்ள வீடு. அந்த வீட்டு அண்ணன் தம்பி இருவரும் பாகம் பிரிக்கிறார்கள். அவர்கள் தாத்தா காலத்துப் பீங்கான் சாமான், நெல் கொட்டுகிற பத்தாயம் ஒன்று நிறைய இருந்தது. பிரித்துக்கொள்ள முடியாததால் மொத்தமாகக் கொடுத்துவிடலாம் என்று முடிவாம். அண்ணனும் நானும் வேனில் போனோம்.

பட்டாசாலை என்கிற தூண் வைத்த கூடத்தில் பாயை விரித்து எல்லாவற்றையும் பரப்பியிருந்தார்கள். மூத்தவர் ஒரு தூணிலும் இளையவர் எதிர்த்தூணிலும் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. நான் உட்காருவதற்கு முன் மூத்தவரின் மனைவி மோர் குடிக்கக் கூப்பிட்டாள். என் வயதுதான் இருக்கும். அடுக்களைக்குள் போனதும் செம்பை என் கையில் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, ஒரு விஷயம். அங்கன பாயில ஒரு நீலத் தட்டு இருக்கு. பாலம் போட்டிருக்கும், மேல ரெண்டு குருவி பறக்கும். அது இந்த வீட்டுது இல்ல. எங்கய்யா பர்மாவுலருந்து கப்பல்ல வரும்போது கொண்டாந்தது. அதுலதான் சாப்பிடுவாக. கல்யாணத்துக்கு நான் கொண்டுவந்தேன், இதுகளோட கலந்துபோச்சு."

"அதச் சொல்லலாம்ல?"

"இப்பத்தான் ஒருவழியா ரெண்டு பேரும் உக்காந்திருக்காக. நான் போயி இது என்னோடதுன்னா, பேச்சு அம்புட்டும் மறுபடி மொதல்லருந்து வரும். நீங்க பாத்து, இது புதுசு, ஒண்ணுக்கும் ஆகாதுன்னு சொல்லீட்டீகன்னா போதும். ஒதுக்கிப் போட்ருவாக. நான் எடுத்துக்கிருவேன்."

நான் மோரைக் குடித்தபடி தலையாட்டினேன். தலையாட்டியது நன்றாக நினைவிருக்கிறது.

பாயில் உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாக எடுத்து, சுண்டி, திருப்பி, லென்ஸ் வைத்து, சொல்லிக்கொண்டே வந்தேன். "பழசு." "புதுசு." "பழசு, கீறல் இருக்கு." அண்ணன் ஒவ்வொன்றையும் அந்தந்தப் பக்கம் அடுக்கினான். நீலத் தட்டு கைக்கு வந்தது. பாலம், மரம், இரண்டு குருவி. கோடுதான், புள்ளிக்கட்டம் இல்லை. விளிம்பில் ஓரிடத்தில் கொடி துண்டாகி நின்றது. அடியில் நீல முத்திரை பாதி அழிந்திருந்தது.

"இது தேறுமா?" என்று மூத்தவர் கேட்டார்.

"பழசுதான். இங்கிலாந்து. நல்லா இருக்கு" என்றேன்.

சொன்ன பிறகுதான் நிமிர்ந்தேன். அவள் அடுக்களை வாசலில் காலிச் செம்போடு நின்றுகொண்டிருந்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. நிற்காமல் போய்விட்ட பஸ்ஸைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். அண்ணன் தட்டை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் வைத்தான். நான் அடுத்த கிண்ணத்தை எடுத்தேன். அப்போதும் வாயைத் திறந்திருக்கலாம். 'தப்பாப் பாத்துட்டேன், இது புதுசு' என்று சொல்லியிருந்தால் யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற வைராக்கியம் எதுவும் எனக்கு இருக்கவில்லை. அவள் கேட்டது காதில் இருந்தது, தட்டு கையில் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று தொடவே இல்லை.

வேனில் திரும்பும்போது அண்ணன், "நல்ல சரக்கு" என்றான். "ஆமா" என்றேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். கடைக்கு ஒரு பெண் பித்தளைக் குடம் மாற்ற வந்தாள். கொடுப்பதற்கு முன் குடத்தின் கழுத்தில் வெட்டியிருந்த பெயரை விரலால் ஒரு தடவை தடவிவிட்டுக் கொடுத்தாள். தினமும் கடையில் யாராவது செய்கிற காரியம்தான் அது. அன்றைக்கு எனக்குப் பீங்கானில் பெயர் வெட்ட முடியாதே என்று தோன்றியது. அந்த நீலத் தட்டு நினைவுக்கு வந்தது. அண்ணனிடம் மல்லாங்கிணற்று விஷயத்தைச் சொன்னேன்.

"ஏன் அன்னைக்கே சொல்லல?" என்றான்.

"தெரியல."

புதிதாக வாங்கியிருந்த செல்போனில் வியாபாரியைக் கூப்பிட்டான். நீலத் தட்டுகள் எல்லாம் பாண்டிச்சேரிக்குப் போய்விட்டன, யாரோ ஓட்டல் சுவரில் மாட்ட மொத்தமாக எடுத்துக்கொண்டார்கள், எந்த ஓட்டல் என்று தனக்குத் தெரியாது என்றார் அவர். "விடு" என்றான் அண்ணன். நான் மறுநாள் காலை மல்லாங்கிணற்றுக்குப் பஸ் ஏறினேன்.

பட்டாசாலையை இரண்டாக வெட்டிச் செங்கல் சுவர் எழும்பியிருந்தது. இன்னும் பூசவில்லை. அவள் பின்பாதியில் இருந்தாள். என்னைப் பார்த்ததும், "வாங்க" என்றாள். அவ்வளவுதான். நின்றுகொண்டே சொன்னேன். தட்டைத் திருப்பிக் கேட்டதையும் கிடைக்காததையும் சொன்னேன்.

அவள் கேட்டாள்: "நான் அன்னைக்குச் சொன்னது உங்க காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீக?"

"தெரியல."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பதில் போதாது என்று எனக்கும் தெரிந்தது. அதனால் வீட்டுக்காரர் டீக்கடையில் உட்கார்ந்ததைச் சொன்னேன். மஞ்சள் விலகிய லேபிளைச் சொன்னேன். உப்பில்லாத குழம்பைச் சொன்னேன். அதுவரை யாரிடமும் வரிசையாகச் சொன்னதில்லை. சொல்லும்போதும் அழுகை வரவில்லை. கை மட்டும் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தது.

"எனக்குக் கோவம்தான்" என்றாள் அவள். "இல்லைன்னு சொல்ல மாட்டேன். எங்கய்யா மொகம் இப்பப் பாதிதான் ஞாபகத்துல இருக்கு. அந்தத் தட்டு நல்லா ஞாபகம் இருக்கு."

"ம்."

"நீங்க வராமலே இருந்திருக்கலாம். எவ வந்து சொல்றா." அடுக்களைப் பக்கம் திரும்பி, "சாப்பிட்டீகளா?" என்றாள்.

கம்பங்கூழும் வத்தலும் கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தாள். பிறகு அலமாரியிலிருந்து கைப்பிடி வைத்த ஒரு பூப்போட்ட கப்பை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"இது என்னன்னு பாத்துச் சொல்லுங்க."

லென்ஸே தேவைப்படவில்லை. "இது டீத்தூள் பாக்கெட்டுக்கு ஓசியாக் குடுத்தது. பத்து வருசம் இருந்தாப் பெருசு."

"மெய்யாத்தான் சொல்றீகளா?"

"மெய்யா."

"இத ஒளிச்சு வச்சுத்தான் எங்க வீட்டுக்காரரு தம்பிகிட்ட அம்புட்டுச் சண்டை போட்டாரு. தாத்தா குடிச்ச கப்பாம்." அவள் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்காமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். நான் சிரித்தேனா என்று நினைவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியது தெரியும்.

அதன் பிறகு ஏழெட்டு வருஷம் அண்ணனோடு வீடு வீடாகப் போனேன். பாயில் உட்காருவதற்கு முன் அடுக்களைக்குள் போய், இதில் யாருக்காவது எதுவும் வேண்டியிருக்கிறதா என்று கேட்டுவிடுவேன். பெரும்பாலும் இல்லை என்பார்கள். கொண்டுபோனால் இடம் காலியாகும் என்பார்கள். சில இடங்களில் ஒரு கிண்ணத்தையோ ஜாடியையோ சொல்வார்கள். அது பாயில் வரும்போது, "புதுசு" என்பேன். காரைக்குடி வியாபாரிக்கு ஒரு கட்டத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. "உங்க தங்கச்சி கண்ணு மங்கிப்போச்சு போல" என்று அண்ணனிடம் சொன்னாராம். அண்ணன், "ஆமாண்ணே, கண்ணாடி போடணும்" என்றானாம்.

மல்லாங்கிணற்றுக்கு நான் மறுபடி போகவில்லை. அவளும் கடைக்கு வரவில்லை. அன்று அவள் வீட்டிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெயில் நேராக முழங்கை மேல் விழுந்தது. சுடுகிறது என்று கையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.