சம்பந்தியைத் திருத்தாமல் ஒரு மேட்டூர் பயணம்

முதல் பிரசவம் அம்மா வீட்டில்தான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். என் மகள் கவிதா, ஏழாம் மாதம் தொடங்கியதும் போனில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். "அம்மா, நீயும் அத்தையும் ஒரே ரூம்ல இருந்தாலே எனக்குப் பிரஷர் ஏறுது. ரெண்டு பேரும் ஒரு நாள் சண்டை போடாம எங்கயாவது போயிட்டு வாங்க. அப்புறம் பிரசவத்துக்கு அங்க வர்றதா வேண்டாமான்னு சொல்றேன்." அத்தை என்றால் அவள் மாமியார், என் சம்பந்தி, வெண்ணந்தூர்க்காரர். மகள் வராமல் போய்விடுவாளோ என்று பயந்துதான் போன ஞாயிற்றுக்கிழமை இந்தப் பயணத்துக்குக் கிளம்பினேன்.

நான் சேலத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். யாரைப் பார்த்தாலும் மனசு தானாக மார்க் போட ஆரம்பித்துவிடும். வியாழக்கிழமை தியான வகுப்பில் இதற்கு ஒரு வழி சொல்லித் தந்திருந்தார்கள். ஒருவரை எடை போடத் தோன்றும்போது மூச்சை நன்றாக இழுத்து, 'இவர் நலமாக இருக்கட்டும்' என்று மனதுக்குள் சொல்லி, மெல்ல விட வேண்டும். அன்பு தானாக ஊறும் என்றார்கள்.

சேலம் புது பஸ் ஸ்டாண்டில் காலை ஏழரைக்கு மேட்டூர் பஸ். ஐம்பது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், ஆளுக்கு நாற்பது ரூபாய்க்குள் டிக்கெட். ஓமலூர் வருவதற்குள் சம்பந்தி என் காலடி முழுக்கக் கடலைத் தோல் போட்டுவிட்டார். நலமாக இருக்கட்டும். முன்பின் தெரியாத பெண்ணிடம், "சம்பளம் எவ்வளவு வருதுங்க அம்மிணி?" என்று கேட்டார். நலமாக இருக்கட்டும். பிறகு கண்டக்டரைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க சாமி, பாட்டைச் சித்த கொறைங்க."

"அக்கா, அது டிரைவர் பாட்டு. நான் கை வெச்சா வண்டிய இங்கயே நிறுத்திப்போடுவாரு."

"நிறுத்தட்டுமே, நான் பேசிக்கறேன்!"

மேச்சேரி தாண்டும்போது எனக்கு மூச்சுதான் வாங்கியது. அன்பு ஊறவில்லை.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் எண்பது ரூபாய். அணைக்குக் கீழே முனியப்பன் கோயில். நேர்த்திக்கடனுக்கு ஆடு, கோழி அறுத்துக் குடும்பம் குடும்பமாகச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். சம்பந்தி நேராகக் குமாரபாளையத்துக் குடும்பம் ஒன்றின் அடுப்புக்குப் போய், குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, "உப்புப் பத்தலீங்க" என்று தானே ஒரு கை அள்ளிப் போட்டார். நான் வெட்கத்தில் வேப்பமரத்துக்குப் பின்னால் போய் நின்றேன். அவர்களோ சிரித்துக்கொண்டே, "கும்பிட்டுட்டு ரெண்டு பேரும் சாப்பிட வாங்க" என்றார்கள்.

சந்நிதியில் கண்ணை மூடி, பிரசவம் நல்லபடியாக முடிய வேண்டும், இன்று ஒரு நாள் இந்த அம்மாளைப் பொறுத்துக்கொள்ளத் தெம்பு கொடு என்று மனதுக்குள் கேட்டேன். சம்பந்திக்குச் சாமியிடம் வாய்விட்டுக் கேட்டுத்தான் பழக்கம்.

"முனியப்பா, என்ற மருமவளும் கொழந்தையும் நல்லாருக்கோணும். இந்த டீச்சரம்மா காத்தாலருந்து என்னையப் பாத்துப் பாத்துப் பெருமூச்சு உடுது. இன்னைக்கு ஒரு நாள் அதைப் பொறுத்துக்கறதுக்குத் தெம்பு குடு சாமி. பாவம், அதுக்கு முட்டி வலி வேற. பஸ் படியில எறங்கவே தடுமாறுது. அதையும் நல்லாக்கி உட்டுரு."

முதலில் சிரிப்பு வந்தது, அடுத்து அழுகை. முட்டி வலியைப் பற்றி நான் அவரிடம் சொன்னதே இல்லை. என்னைச் சகிக்க முடியாத நேரத்திலும் என் முட்டிக்காக வேண்டிக்கொண்டிருக்கிறார். பதிலுக்கு நானும் வேண்டலாம் என்றால், அவருக்கு எங்கே வலிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அவரிடமே கேட்டேன்.

"எனக்குங்களா? பசிதானுங்க. வாங்க, கறி ஆறிப்போயிரும்."

குழம்பில் உப்புக் கரித்தது. அந்த வீட்டுக்காரர்களும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

போகிறவர்களுக்கு: ஞாயிறு என்றால் பத்து மணிக்குள் போய்விடுங்கள், அப்புறம் நிற்க இடம் இருக்காது. தண்ணீர் எடுத்துப் போங்கள். சைவக்காரர்கள் சாப்பாட்டையும் கட்டிக்கொள்வது நல்லது. கூட வருபவரைத் திருத்தலாம் என்று கிளம்பாதீர்கள். திரும்பும் பஸ்ஸிலும் சம்பந்தி கடலை வாங்கினார். எரிச்சலாகத்தான் இருந்தது, கூடவே பிரியமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே சீட்டில் உட்காரும் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது.

சாயங்காலம் கவிதா கூப்பிட்டாள். "அத்தை உன்னைத் தங்கமானவங்கன்னு சொல்றாங்கம்மா. பிரசவத்துக்கு அங்கயே வர்றேன். அத்தையையும் மூணு மாசத்துக்குக் கூட்டிட்டு வர்றேன்."

மனதாரச் சரி என்றேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது: முனியப்பனிடம் நாங்கள் இருவருமே ஒரு நாளைக்குத்தான் தெம்பு கேட்டிருந்தோம்.